பேயே வராத திகில் நாவல்

(காட்சி: ஓரம் மடங்கி, தாள் பழுத்த பழைய ஆங்கில பாக்கெட் நாவல் ஒன்று)

வணக்கம். கோயில் கொடையில் நடுச்சாமம் வரை வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த திருநெல்வேலிக்காரர்களைப் புத்தகத்தால் பயமுறுத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. இந்த நாவல் பயமுறுத்தும். இத்தனைக்கும் இதில் பேய் கிடையாது, பிசாசு கிடையாது.

பெயர் 'தி ஆக்‌ஷனியர்', அதாவது ஏலக்காரர். 1975-இல் வந்தது. எழுதிய ஜோன் சாம்சன் 1976-இல் புற்றுநோயால் இறந்துவிட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவர் எழுதிய ஒரே நாவல் இதுதான். பிறகு பல வருஷம் பேச ஆளில்லாமல் கிடந்தது.

(காட்சி: வீட்டு வாசலில் வந்து நிற்கும் வண்டி, கோட்டோவியமாக)

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹார்லோ என்றொரு சின்ன ஊர். விவசாயி ஜான் மூர், மனைவி மிம், அம்மா, மகள் ஹில்டி. ஊருக்குப் புதிதாக வந்த பெர்லி டன்ஸ்மோர் போலீஸ் நிதிக்காக ஏலம் நடத்துகிறார். போலீஸ்காரர் வந்து பழைய சாமான் கேட்கிறார். ஜான் பழைய வண்டிச் சக்கரங்களைக் கொடுக்கிறான். நல்ல காரியம், போனால் போகட்டும்.

மறுபடியும் வருகிறார்கள். மறுபடியும். வீட்டுச் சாமான், அப்புறம் மாடு. இல்லை என்று சொன்னவர்களுக்கு ஏதாவது 'விபத்து' நடக்கிறது.

இந்த இடம் நமக்கு நன்றாகப் புரியும். கொடைக்கு வரி பிரிக்க நாலு பேர் நோட்டோடு வாசலில் நிற்கிறார்கள். "அண்ணாச்சி, மேலவீட்டுல குடுத்துட்டாக" என்கிறார்கள். அதற்கு மேல் யார் வாய் திறப்பார்கள்? நம் ஊரில் அதற்குக் கணக்கு உண்டு, கொடை முடிந்தால் வரியும் முடியும். ஹார்லோவில் முடிவதே இல்லை. யாரும் கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. டன்ஸ்மோர் கடைசிவரை மரியாதையாகத்தான் பேசுகிறார். எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கியது.

குறை உண்டு. ஜான் பொறுத்துப்போகிற பக்கங்கள் நீளம், "எழுந்திருடே!" என்று கத்தத் தோன்றும். முடிவும் கொஞ்சம் அவசரம்.

வலன்கோர்ட் பதிப்பகம் மறுபதிப்பு போட்டிருக்கிறது. ஆங்கிலம் எளிமைதான். வீடு காலியான பிறகு அந்த வண்டி எதைக் கேட்டு வருகிறது என்பதை நான் சொல்ல மாட்டேன். ஹில்டிக்கு வயது நாலு, அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.