நிமிர்ந்து பார்த்த கண்கள்: மறக்கப்பட்ட மூன்று பிரெஞ்சு நூல்கள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

பிரெஞ்சு இலக்கியம் என்றதும் விக்தோர் உய்கோ, பல்சாக், ஃப்ளோபேர், காம்யு என்ற ஒரு சிறு வரிசைதான் நம் நினைவுக்கு வருகிறது. அந்த வரிசைக்கு வெளியே, தம் காலத்தில் பலரும் விரும்பிப் படித்து, பிறகு தலைமுறை தலைமுறையாகத் தூசி படிந்து கிடந்த நூல்கள் ஏராளம். அவற்றுள் இரண்டு நாவல்களையும் ஒரு பயண நூலையும் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். மூன்றையும் எழுதியவர்கள் பெண்கள். ஐரோப்பியர் எழுதிய பயண நூல்களில் பயணி பார்த்துக்கொண்டே போகிறான். பிற நாட்டு மக்கள் அவன் கண்ணுக்குக் காட்சியாகிறார்கள். இந்த மூன்று நூல்களிலோ, காட்சியாக நிறுத்தப்பட்டவர்கள் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

முதல் நூல், மதாம் த கிராஃபிஞி 1747இல் தம் பெயரைப் போடாமலே வெளியிட்ட 'பெரு நாட்டுப் பெண்ணின் கடிதங்கள்'. இன்கா நாட்டுச் சூரியன் கோயிலில் வளரும் சீலியா என்ற இளம்பெண்ணை ஸ்பானியர்கள் கவர்ந்து செல்கிறார்கள். நடுக்கடலில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவளைக் கைப்பற்றிப் பிரான்சுக்குக் கொண்டுவருகிறது. தன் காதலன் அசாவுக்கு அவள் எழுதும் கடிதங்களே நாவல். தொடக்கக் கடிதங்களை அவள் மையால் எழுதவில்லை. கயிறுகளில் முடிச்சுப் போட்டுச் செய்தி பதியும் 'கிப்பு' என்ற இன்கா முறையில் முடிகிறாள். கயிறு தீர்ந்துபோகும்போது அவளுடைய மொழியே தீர்ந்துபோகிறது. பிரெஞ்சு கற்ற பிறகுதான் மீண்டும் பேச முடிகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இன்கா பெண் பதினெட்டாம் நூற்றாண்டின் பாரிசுக்கு எப்படி வந்தாள் என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அந்நாவலில் ஒரு காட்சி. பிரெஞ்சு வீடொன்றின் அறைக்குள் நுழையும் சீலியா, தன்னைப் போலவே உடுத்திய சூரியன் கோயில் பெண் ஒருத்தி எதிரே நிற்பதைக் கண்டு, கைகளை விரித்துக்கொண்டு ஓடுகிறாள். கைகளில் தட்டுப்படுவது கண்ணாடி. ஊரார் ஒருவரைக் கண்டுவிட்டோம் என்ற அந்த ஒரு கணத்து மகிழ்ச்சியும், அது தன் உருவமே என்று தெரிந்த பின் வரும் தனிமையும், பல பக்கங்கள் எழுதினாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. இறுதியில் அவள் எவரையும் மணக்காமல், தனக்கென ஒரு வீட்டோடும் புத்தகங்களோடும் வாழ முடிவு செய்கிறாள். அந்த முடிவைப் பொறுக்காத சிலர், அவளுக்குத் திருமணம் செய்துவைத்துத் தாங்களே தொடர்ச்சிகள் எழுதினார்கள்.

இரண்டாவது நூலிலும் கண்ணாடி வருகிறது. கிளேர் த துராஸ் எழுதிய 'ஊரிகா', 1823இல் சில பிரதிகளாக அச்சாகி, மறு ஆண்டு பொதுமக்களிடம் வந்தது. செனகல் ஆளுநராக இருந்த பூஃப்லேர், ஒரு சிறுமியை அங்கிருந்து கொண்டுவந்து உறவினர் வீட்டுக்குப் பரிசாகக் கொடுத்தார் என்பது உண்மை நிகழ்ச்சி. அச்சிறுமி இளம் வயதிலேயே இறந்தாள். அவள் எழுதாமல் போன கதையைத் துராஸ் அவள் குரலில் எழுதினார்.

பிரபுக் குடும்பத்தில் செல்லமாக வளரும் ஊரிகா, ஒருநாள் அரக்குப் பூச்சிட்ட மடிப்புத் தட்டிக்குப் பின்னால் அமர்ந்து சிற்றோவியம் ஒன்றைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் வெளியே போய்விட்டாள் என்று எண்ணி, வளர்த்தவரும் அவருடைய தோழியும் அவள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்: இந்தக் கறுப்புப் பெண்ணை யார் மணப்பார்கள்? தூரிகையைப் பிடித்த கையோடு அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு தன் அறையிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் அகற்றுகிறாள். எந்நேரமும் கையுறை அணிகிறாள். கழுத்தும் கைகளும் தெரியாமல் உடுத்துகிறாள். முகத்திரை வைத்த தொப்பியைப் பல வேளைகளில் வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. பிரெஞ்சு கற்ற இரண்டாம் ஆண்டில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படித்தபோது, அகராதியை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆங்கில நாவலாசிரியர் ஜான் ஃபவுல்ஸ் பழைய புத்தகக் கடையில் தற்செயலாக இந்நூலைக் கண்டெடுத்து, பிற்காலத்தில் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் என்பதையும் இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

கிராஃபிஞி கற்பனையில் கண்ட பெருவுக்கு நேரிலேயே சென்றவர் ஃப்ளோரா திரிஸ்தான். தந்தை பெரு நாட்டவர். பெற்றோரின் திருமணம் சட்டப்படி பதிவாகாததால் சொத்துரிமை இல்லை. கொடுமைக்காரக் கணவரைப் பிரிந்தாலும் விவாகரத்துக்கு அன்றைய பிரான்சில் வழியில்லை. 1833இல் பொர்தோவிலிருந்து கப்பலேறி, அரெகீப்பாவில் இருந்த சிற்றப்பாவிடம் தன் பங்கைக் கேட்கப் போனார். பங்கு கிடைக்கவில்லை, 1838இல் இரண்டு தொகுதிகளாக ஒரு நூல் பிறந்தது. பெருவில் அதன் பிரதிகளை எரித்தார்கள். சிற்றப்பா கொடுத்துவந்த உதவித்தொகையும் நின்றது.

அந்நூலின் தலைப்பு 'ஒரு பரியாவின் அலைச்சல்கள்'. பரியா என்பது நம் மொழியிலிருந்து போன சொல். பறையர் என்ற மக்கட்பெயர் போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, ஒதுக்கப்பட்டவர் என்று பொருள்பட்டது. இங்கே சாதி சுமத்திய இழிவும் அந்தச் சொல்லோடு கடல் கடந்தது என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. பெர்னார்தின் த சேன்-பியேர் 1791இல் எழுதிய 'இந்தியக் குடிசை' என்ற கதை, உண்மையைத் தேடி வந்த அறிஞருக்கு விடை சொல்பவராக ஒரு பரியாவையே நிறுத்தியது. ஃப்ளோரா அச்சொல்லைத் தனக்கே சூட்டிக்கொண்டார்.

லிமாவுக்கு அருகில் ஒரு கரும்பு ஆலையைப் பார்க்கச் சென்றபோது, இருட்டறை ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த இரண்டு அடிமைப் பெண்களை அவர் காண்கிறார். தம் குழந்தைகளுக்குப் பால் கொடுக்காமல் சாகவிட்டார்கள் என்பது அவர்கள் மீதான குற்றம். அவர்களுள் இளையவள் தன் பெரிய கண்களை உயர்த்தி ஃப்ளோராவைப் பார்க்கிறாள், பேசவில்லை. உன்னைப் போல் என் பிள்ளை சுதந்திரமாக இருக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் விட்டேன், அடிமையாக வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று அந்தப் பார்வை சொல்வதாக ஃப்ளோரா எழுதுகிறார். தன்னையே பரியா என்று அழைத்துக்கொண்டவர், அந்த அறையில் சுதந்திரமானவளாக நிற்க வேண்டியிருந்தது.

இவற்றைத் தேடுவது கடினமன்று. பிரான்சின் தேசிய நூலகம் 1997இல் தொடங்கிய காலிக்கா என்னும் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளை இலவசமாகப் படிக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பழைய தலைப்புப் பக்கங்களில் இவர்களுடைய பெயர்கள் பல வேளைகளில் இருக்காது, நூலின் பெயரைக் கொண்டே தேடுங்கள். புதிதாக பிரெஞ்சு கற்றவர்கள் 'ஊரிகா'விலிருந்து தொடங்கலாம். மிகச் சிறிய நூல், நடையும் தெளிவானது. துராஸ் எழுதிவைத்த 'ஒலிவியே' என்ற நாவல் அவர் காலத்தில் வெளிவராமல் 1971இல்தான் அச்சேறியது. நான் அடுத்துப் படிக்க எடுத்து வைத்திருப்பது அதைத்தான்.