ஹோல்டில் போடும் பாட்டு யாருடையது?

வணக்கம் நேயர்களே. அலுவலகங்களுக்கு பி.ஏ.பி.எக்ஸ், அதாவது உள்ளே இருக்கும் தொலைபேசிகளை இணைக்கும் பெட்டி, பூட்டிக்கொடுப்பது என் தொழில். கோல் எடுத்தவரை லைனில் காத்திருக்க வைப்பதைத்தான் ஹோல்டில் போடுவது என்கிறோம். புறக்கோட்டை மொத்தக் கடையோ வெள்ளவத்தை கிளினிக்கோ, வேலை முடியும் நேரத்தில் முதலாளி தன் போனை நீட்டுவார். "ஹோல்டில போட நல்ல பாட்டொண்டு இருக்கு தம்பி, இதை ஏத்தி விடுங்கோ." காசு கொடுத்து வாங்கிய பாட்டாகவே இருக்கட்டும். வீட்டில் கேட்கத்தான் அந்தக் காசு. வாடிக்கையாளருக்குப் போட வேறு அனுமதி வேண்டும்.

இந்த வழக்கம் பிறந்ததே வானொலியால்தான். அமெரிக்காவில் அல்ஃப்ரெட் லெவி என்றொரு தொழிற்சாலைக்காரர். அவருடைய கட்டடத்தில் கழன்ற தொலைபேசி வயர் ஒன்று இரும்பு உத்தரத்தில் பட்டுவிட, கட்டடமே ஏரியலாகிப் பக்கத்து வானொலி நிலையத்தின் பாட்டு லைனில் காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. மனுஷன் கெட்டிக்காரர். 1962இல் விண்ணப்பித்து, 1966இல் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

நம்மூரில் விபத்தெல்லாம் தேவையில்லை, ரேடியோவை வேண்டுமென்றே பெட்டியில் செருகிவிடுவார்கள். ஒரு கல்யாண மண்டபம், பெயர் வேண்டாம். பெண்ணின் மாமா நாள் கேட்டு எடுக்கிறார். "கொஞ்சம் லைனில நில்லுங்கோ ஐயா, டயரி பாத்துச் சொல்லுறன்." அந்த நேரம் பார்த்து ரேடியோவில் மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் என்று தொடங்கும் அந்தக் குரல் உங்களுக்குத் தெரியும்தானே? இறைவனடி சேர்ந்தார் வரைக்கும் மாமா கேட்டிருக்கிறார். முகூர்த்தம் பேச எடுத்த கோல்! வைத்தவர் வைத்ததுதான், அந்த மண்டபத்துக்கு மறுபடி எடுக்கவே இல்லை. மனேஜர் என்னைக் கூப்பிட்டு, "லைன் பிழை, வந்து பாருங்கோ" என்கிறார். லைனில் ஒரு பிழையும் இல்லை.

சகுனத்தை விடுவோம். வானொலி நிலையம் பெற்ற அனுமதி ஒலிபரப்புக்கானது, உங்கள் தொலைபேசிக்கு அது போதாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கத்தைப் பொதுமக்களுக்குக் கேட்கச் செய்வது அதை ஆக்கியவரின் உரிமை. "ஒரு ஆளின்ரை காதிலதானே கேக்குது, அது எப்பிடிப் பொதுமக்கள்?" என்று கேட்பார்கள். இதே வாதம் அவுஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா கொம்பனி வழக்கில் உயர் நீதிமன்றம் வரை போய், 1997இல் தோற்றது. தனித்தனியாகக் கேட்டாலும் வியாபாரத்துக்காகக் கேட்க வைத்தால் அவர்கள் பொதுமக்கள்தான் என்றார்கள். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

அடுத்ததுதான் அநேகம் பேர் சறுக்கும் இடம். ஒரு பாட்டில் உரிமை ஒன்றல்ல, இரண்டு. "தியாகராஜ கீர்த்தனைக்கு யாரிடம் கேட்கிறது?" என்பார்கள். சரிதான், அவர் காலமானது 1847இல். இங்கே ஆக்கியவருக்குப் பாதுகாப்பு ஆயுளும் அதற்கு மேல் 70 ஆண்டும். கீர்த்தனையை யாரும் பாடலாம். ஆனால் நீங்கள் போடுவது வெறும் கீர்த்தனையா? ஒரு பாடகர் பாடி, ஒரு கொம்பனி பதிவு செய்த இசைத்தட்டு. பாடியவருக்கும் பதிவு செய்தவருக்கும் தனியாக 50 ஆண்டு உரிமை உண்டு. பாரதி பாட்டென்றாலும் இதே கதை, மெட்டுப் போட்டவர் உயிரோடிருந்தாலோ, காலமாகி 70 ஆண்டு ஆகாவிட்டாலோ அவருடைய உரிமையும் சேர்ந்துகொள்ளும். திரும்பச் சொல்கிறேன்: பாட்டு பழசாக இருக்கலாம், பதிவு புதுசாக இருக்கும்.

முப்பது செக்கன் வரை போட்டால் பிரச்சினை இல்லை என்பது கட்டுக்கதை, சட்டத்தில் அப்படிச் செக்கன் கணக்கு எதுவும் இல்லை. ஸ்பொட்டிஃபைக்கு மாதாமாதம் கட்டுகிறேன் என்றாலும் சரிவராது, அது சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று அவர்களே நிபந்தனை போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் பாட்டு நன்றாகக் கேட்குமா என்றால், அதுவும் இல்லை. சாதாரணத் தொலைபேசி லைனில் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைதான் போகும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கம், தரும் தாழ்ந்த நாதம் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். இணைய வழி லைன்களில் சிலர் பாவிக்கும் ஜி.729 பேச்சைச் சுருக்கி அனுப்பவென்றே செய்த முறை, வயலினைத் தண்ணீருக்குள் வாசித்த மாதிரி ஆக்கிவிடும். அதனால்தான் நான் எப்போதும் சொல்வது, உங்கள் அலுவலகத்தில் தெளிவாகப் பேசும் ஒருவரைப் பேச விட்டுப் பதிவு செய்யுங்கள். திறக்கும் நேரம், எந்த பஸ்ஸில் வந்து எங்கே இறங்க வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. இசைதான் வேண்டுமென்றால் பெட்டியோடு வரும் இசையைப் போடலாம், அதற்கும் விற்றவரிடம் அனுமதிக் கடிதம் கேளுங்கள். ஆக்கியவரே சில நிபந்தனைகளோடு பாவிக்க விட்டிருக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் இசையில் 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு' என்றிருந்தால் தொடாதீர்கள். தெரிந்த கலைஞரை வாசிக்கச் சொன்னால் ரசீது மட்டும் போதாது, தொலைபேசியில் போடலாம், எத்தனை வருடம், எத்தனை கிளைக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறர் பாட்டை அவர் வாசித்தால் அந்தப் பாட்டுக்காரரின் அனுமதியும் வேண்டும், அதைத்தான் விளக்கமாகச் சொல்ல இருந்தேன். சரி, வணக்கம் நேயர்களே.