பாதுகாப்புச் சோதனையில் இன்சுலின்: கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுத்தருவது என் பணி. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ புறப்படும் பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஊசியை ஏர்போர்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்களா?" என்பதுதான். மருந்துச் சீட்டோடு கொண்டுசெல்லும் இன்சுலினையும் ஊசியையும் விமானத்துக்குள் அனுமதிக்கிறார்கள். ஆனால் இந்த அச்சத்தினாலேயே பலர் இன்சுலினைப் புடவைக்குள் சுருட்டி, சரக்கறைக்குப் போகும் பெரிய பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

அருள்கூர்ந்து அப்படி வைக்காதீர்கள். விமானத்தின் சரக்கறையில் குளிர் உறைநிலைக்கும் கீழே இறங்கக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு பார்வைக்குப் பழையபடியே இருந்தாலும், அதன் ஆற்றலை நம்ப முடியாது. பெட்டி தாமதமாக வந்தாலோ, வேறு ஊருக்குப் போய்விட்டாலோ அன்றிரவு ஊசிக்கு என்ன செய்வது? ஆகவே இன்சுலின், இன்சுலின் போடும் பேனா, ஊசி, குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் அனைத்தும், தேவைக்கு இரு மடங்காக, கைப்பையில் இருக்கட்டும். மருத்துவரின் கடிதமும் மருந்துச் சீட்டும் ஆங்கிலத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில் இருக்கட்டும். மருந்தின் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள்.

கைப்பையில் கொண்டுசெல்லும் திரவங்களுக்கான 100 மில்லிலிட்டர் வரம்பைப் பற்றியும் கேட்பார்கள். 2006 ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளிப்பட்ட பிறகு வந்த கட்டுப்பாடு அது. இன்சுலின் குப்பி 10 மில்லி, பேனாவில் உள்ளது 3 மில்லி; மருந்துக்கு விலக்கும் உண்டு. சர்க்கரை தாழும்போது குடிப்பதற்காக எடுத்துச்செல்லும் பழச்சாறுதான் விளக்கம் கேட்கப்படும் பொருள். அதற்குப் பதிலாகக் குளுக்கோஸ் மாத்திரை இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

இனி நான் எங்கே பேசினாலும் வலியுறுத்தும் செய்திக்கு வருகிறேன். காவலர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

முதல் வகை நீரிழிவு, அதாவது உடலே இன்சுலினைச் சுரக்காத நிலை, உள்ள ஓர் இளம்பெண், வேலைக்கான நேர்காணலுக்காக முதன்முதலாகத் தனியே விமானம் ஏறச் சென்றாள். இடுப்பில், உடைக்கு உள்ளே இன்சுலின் பம்ப்; மெல்லிய குழாய் வழியாக உடலுக்குள் இன்சுலினைச் செலுத்திக்கொண்டே இருக்கும் சிறு கருவி அது. திருமணப் பேச்சு நடக்கும் வீடு என்பதால், யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லியே வளர்த்திருந்தார்கள். நம் நாட்டில் பெண்களைத் திரை மறைவில் பெண் காவலரே சோதிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கையிலிருந்த கருவி ஒலித்தது. "என்ன அது?" என்றதும் அந்தப் பெண் பதறிப்போய், "செல்போன்" என்று சொல்லிவிட்டாள். செல்போன் தட்டில் அல்லவா போக வேண்டும்? உடைக்குள்ளிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே தெரிந்ததும் காவலர் மேலதிகாரியை அழைத்தார். அந்தக் கலக்கத்தில் அவள் பம்பைக் கழற்றிப் பெட்டிகளோடு எக்ஸ்ரே கருவிக்குள் அனுப்பவே துணிந்துவிட்டாள். நல்ல வேளையாக மருத்துவரின் கடிதம் பையில் இருந்தது. அதைப் படித்த பிறகு அவர்கள் கனிவோடுதான் நடந்துகொண்டார்கள். அவளைத் திணறடித்தது சோதனையன்று, வீட்டில் பழக்கிய மறைப்பு. நோயை மறைத்து வளர்க்கும் பெற்றோர்களிடம் எனக்கு உண்மையிலேயே மனக்குறை உண்டு.

பம்பில் இருப்பது விரைவாகச் செயல்பட்டு விரைவாகத் தீர்ந்துபோகும் இன்சுலின். கழற்றியது கழற்றியபடியே கிடந்தால் சில மணி நேரத்தில் உடலில் இன்சுலினே இல்லாத நிலை வரும். பம்ப், உடலில் ஒட்டிச் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் ஆகியவற்றில் பலவற்றை எக்ஸ்ரேக்கும் முழு உடல் ஸ்கேனருக்கும் உட்படுத்த வேண்டாம் என்று தயாரித்த நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. உலோகம் கண்டறியும் வாயிலால் பொதுவாகப் பாதிப்பு இல்லை. உங்கள் கருவிக்கு எது பொருந்தும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொண்டு, வரிசையில் நிற்கும்போதே, "எனக்கு நீரிழிவு, உடலில் இன்சுலின் கருவி இருக்கிறது, கையால் சோதியுங்கள்" என்று சொல்லிக் கடிதத்தை நீட்டுங்கள். மீண்டும் சொல்கிறேன், கருவி ஒலிப்பதற்கு முன்பே சொல்லுங்கள். அமெரிக்காவில் இன்சுலினை எக்ஸ்ரேக்கு அனுப்பாமல் கண்ணால் பார்த்துச் சோதிக்குமாறு கேட்கவும் இடமுண்டு.

நேரம் முடிவதால், நாடு மாறும்போது ஊசி வேளை மாறுவதைப் பற்றி விரிவாகப் பேச இயலவில்லை. மேற்கே பறந்தால் நாள் நீளும், கிழக்கே பறந்தால் குறுகும். அதற்கேற்ற அட்டவணையை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் உணவு எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே தட்டு உங்கள் முன் வந்த பிறகே உணவு வேளை ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.