அப்பா போட்ட கரை, மகன் வெட்டிய வடிகால்: சீனத் தொன்மத்தின் மாமன்னர் யூ

[காட்சி: கண்ணாடிப் பேழைக்குள் ஒரு வெண்கலக் கலம். உட்புறத்தில் வரிவரியாக எழுத்துகள்.]

இந்தக் கலத்துக்கு ஏறக்குறைய 2900 வயது. 2002இல் ஹாங்காங் பழம்பொருள் சந்தையில் வாங்கப்பட்டு, பெய்ஜிங்கின் பாலி கலை அருங்காட்சியகத்துக்கு வந்தது. உள்ளே 98 எழுத்துகள். தொடக்கமே இதுதான்: வானம் யூவுக்கு ஆணையிட்டது, அவர் மண்ணைப் பரப்பினார், மலைகளைத் தொடர்ந்து போய் ஆறுகளை ஆழப்படுத்தினார். யூவின் வெள்ளப் பணியைச் சொல்லும் மிகப் பழைய பொறிப்பு இது. ஒரு மன்னரைப் பற்றிய பதிவு தூர்வாரிய வேலையோடு தொடங்குகிறது. போரோ வாகையோ முதலில் வரவில்லை.

சீனத் தொன்ம அரசர்கள் ஆளுக்கொரு தொழிலோடுதான் வருகிறார்கள். ஃபூஷி வலை பின்னக் கற்றுக்கொடுத்தவர். ஷென்னோங் கலப்பை செய்தவர், மூலிகைகளைத் தானே தின்று பார்த்தவர். மஞ்சள் பேரரசர் ஹுவாங்டியின் மனைவி லெய்சூ பட்டுப்புழு வளர்த்தவர். யாவ் ஆண்டுக்கு 366 நாள் என்று வைத்து, இடையிடையே ஒரு கூடுதல் மாதம் சேர்க்கச் சொன்னவர். அது வெறும் சடங்கு அல்ல. பன்னிரண்டு நிலவு மாதங்களைக் கூட்டினால் 354 நாள்தான் வரும். அந்தக் கூடுதல் மாதம் இல்லாவிட்டால் எட்டே ஆண்டில் விதைப்பு மாதம் ஏறக்குறைய ஒரு பருவம் நழுவிவிடும்.

கதையில் ஹுவாங்டி யூவுக்குப் பல தலைமுறை மூத்தவர். ஆனால் வெண்கலப் பொறிப்பில் அவர் பெயர் கி.மு. 4ஆம் நூற்றாண்டில்தான் தென்படுகிறது. 1923இல் வரலாற்றாசிரியர் கு ஜியெகாங் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: நூல் எவ்வளவு பிந்தியதோ, அதில் வரும் அரசர் அவ்வளவு முந்தியவர். எழுத்தைக் கொண்டு பார்த்தால் இந்த அடுக்குகளில் பழையது யூதான். அதனால் அவரிடமே நிற்போம்.

[காட்சி: மஞ்சள் ஆற்றின் வரைபடம். செங்சௌவுக்குக் கிழக்கே அம்புக்குறி.]

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் ஆறு, காற்று கொண்டுவந்து படியவைத்த மென்மண் மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் மண்ணைச் சுமந்தது. சமவெளிக்கு வந்தபின் கடல்வரை 700 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டம், இறக்கமோ 100 மீட்டருக்கும் குறைவு. வேகம் விழுகிறது, மண் படிகிறது, ஆற்றின் தரை உயர்கிறது.

யாவ் காலத்தில் பெருவெள்ளம். பொறுப்பு குன் என்பவரிடம் போகிறது. அவர் கரை போட்டுத் தடுக்கிறார். ஒன்பது ஆண்டுகள். பலனில்லை, தண்டனையாக இறகு மலைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே சாகிறார்.

ஏன் தோற்றது? மண் சுமக்கும் ஆற்றை இரண்டு கரைகளுக்குள் அடைத்தால், வயல்வெளி எங்கும் பரவ வேண்டிய வண்டல் ஆற்றுக்குள்ளேயே தங்கும். தரை உயர்ந்ததும் கரையையும் உயர்த்த வேண்டும். சில சுற்றுகளுக்குப் பிறகு ஆறு வயலைவிட மேலே ஓடும். அப்போது கரையின் அடியில் தண்ணீர் கசியும். தெளிந்த கசிவு அவ்வளவு ஆபத்தில்லை. கலங்கிய கசிவு வந்தால் உள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். கரை உள்ளீடற்றுப் போய் ஒரே இரவில் சரியும். அதைவிடக் கொடுமை, உடைத்து வெளியே வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியே இல்லை. ஆறுதான் உயரத்தில் இருக்கிறதே.

[காட்சி: குச்சி நட்டு மட்டம் பார்க்கும் மனிதர்கள்.]

யாவுக்குப் பின் வந்த ஷுன், குன்னின் மகன் யூவிடமே வேலையைக் கொடுத்தார். மண்வெட்டியைத் தொடும் முன் யூ அளந்தார் என்கிறது ஸீமா சியன் எழுதிய வரலாறு: மலைமலையாக ஏறி மர அடையாளம் நட்டார், கையில் மட்டமும் நூலும், கவராயமும் மூலைமட்டமும். தரையில் வண்டி, நீரில் படகு, சேற்றில் சறுக்குப் பலகை, மலையில் முள் பதித்த காலணி. 13 ஆண்டுகள், சொந்த வீட்டு வாசலைக் கடந்தபோதும் உள்ளே போகவில்லை.

வேலையின் வரிசைதான் இதில் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியம். பழைய நூல் சொல்லும் முறை: முதலில் ஒன்பது ஆறுகளைக் கடல்வரை திறப்பது, அதன்பின் வயல் வாய்க்கால்களை ஆழப்படுத்தி ஆற்றில் சேர்ப்பது. கடைமடையைத் திறக்காமல் மேலே வாய்க்கால் வெட்டினால், மேலூர்த் தண்ணீர் வேகமாக வந்து கீழூரை மூழ்கடிக்கும். வெள்ளம் வடிந்த தாழ்ந்த ஈர நிலத்தில் விதைக்க மக்களுக்கு நெல் கொடுக்கப்பட்டது. பிறகு ஒன்பது மாநிலங்களின் மண்ணும் தரம் பிரிக்கப்பட்டது: யொங் மாநிலத்தின் மஞ்சள் மண் முதல் தரம், யாங் மாநிலத்தின் சேற்று நிலம் கடைசித் தரம். இந்தப் பட்டியல் யூவின் காலத்துக்கு வெகு பின்னால் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

குன்னை முட்டாளாக்கி இந்தக் கதையை முடித்துவிடுவார்கள். அது நியாயமில்லை. தந்தையின் வேலையைத்தான் மகன் திருத்தி முடித்தார் என்று சொல்லும் பழைய நூலும் உண்டு. தூர்வாருவது மட்டும் போதாது. தோண்டிய இடம் மறுபடி தூர்ந்துவிடும். 16ஆம் நூற்றாண்டில் பான் ஜிஷுன் என்ற அதிகாரி கரையையே கருவியாக்கினார். ஆற்றைக் குறுக்கினால் வேகம் கூடும், வேகம் கூடினால் தண்ணீரே தரையை அரித்து மண்ணைக் கடலுக்குத் தள்ளும் என்பது அவர் கணக்கு. கரை தாங்காமல் போகலாம் என்பதால், தள்ளி இரண்டாவது கரையும் போட்டார்.

[காட்சி: சியாவ்லாங்டி அணையிலிருந்து பீறிடும் பழுப்பு நீர்.]

2002 முதல் மஞ்சள் ஆற்றின் சியாவ்லாங்டி அணையில் நடப்பதும் அதுவே: வேகத்தைக் கூட்டி மண்ணைத் தள்ளுவது. நீரைத் தேக்கி, மழைக்காலத்துக்கு முன் செயற்கை வெள்ளமாகத் திறந்துவிடுகிறார்கள். கீழே படிந்த மண் கரைந்து கடலுக்குப் போகிறது.