தவிர்க்க முடியாத காரணங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சின்ன உள்ளூர் தொலைக்காட்சி நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாராந்திர நிகழ்ச்சி என் பொறுப்பில் இருந்தது. கேமரா முன் உட்கார்ந்து பதிலைப் படிப்பது சுலபம். அந்தப் பதிலை வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடும். விளம்பரப் பிரிவில் கேட்டால் இன்ஜினியரைக் கைகாட்டுவார்கள், அவர் நிகழ்ச்சிப் பிரிவைக் கைகாட்டுவார். எங்கும் ஒன்றும் பெயரவில்லை என்றால் எங்களிடம் ஒரு ஆயத்தப் பதில் உண்டு: ‘தவிர்க்க முடியாத காரணங்களால்.’ என்ன காரணம் என்று மட்டும் யாரும் திருப்பிக் கேட்டுவிடக் கூடாது!

அதிகம் வந்த கேள்வி சத்தத்தைப் பற்றியது. “நாடகம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். விளம்பரம் வந்தது, தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது. இனி நீங்களே வந்து தூங்க வையுங்கள்” என்று ஒரு தாய் எழுதியிருந்தார். விதிமுறைப்படியே ஒளிபரப்புகிறோம் என்று பதில் போட்டோம். பொய் இல்லை. ஆனால் அந்த விதி பார்த்ததெல்லாம் ஒலியின் உச்சத்தை மட்டும்தான். நாடகத்தில் கிசுகிசுப்பு இருக்கும், மௌனம் இருக்கும். யாராவது கதவை அறைந்து சாத்தினால்தான் ஒலி உச்சத்தைத் தொடும். விளம்பரம் தயாரிப்பவர்களோ ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிப் பிடித்து, சொல்லுகிற ஒவ்வொரு எழுத்தையும் அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். எங்கள் மீட்டரில் இரண்டுக்கும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். குழந்தைக்கு மீட்டரா தெரியும்?

பிற்பாடு அளக்கும் முறையே மாறியது. நிகழ்ச்சி முழுவதற்கும் சேர்த்து, காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று சராசரி பார்க்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் இதற்கென ஒரு அளவை வகுத்தது. அமெரிக்காவில் அதே ஆண்டு சட்டமே போட்டார்கள், 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது. சட்டத்துக்கு ‘காம்’, அதாவது அமைதி, என்று வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாய் எழுதியதும் அதைத்தான், கொஞ்சம் காரமாக.

பழைய படத்தையே ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள் என்பது அடுத்தது. இதற்குப் பதில் சின்னது. படத்தை நிலையம் சொந்தமாக வாங்குவதில்லை, இத்தனை வருடத்துக்குள் இத்தனை முறை போடலாம் என்ற உரிமையைத்தான் வாங்குகிறது. கெடு முடிவதற்குள் போடாவிட்டால் கொடுத்த பணம் போனது போனதுதான். இதை வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று எங்கள் மேலிடம் நினைத்தது. சொல்லியிருந்தால் நேயர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பது என் கட்சி.

நேரலை ஆட்டம் நீண்டுபோய்ப் பிடித்த தொடர் தள்ளிப்போனால் ஒரு கூட்டம் திட்டும். தொடருக்காக ஆட்டத்தை வெட்டினால் இன்னொரு கூட்டம் திட்டும். இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடமான ஒரு கதை உண்டு. 1968 நவம்பர் 17, அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் ஒரு கால்பந்தாட்டம், அவர்கள் பாணிக் கால்பந்து. நியூயார்க் ஜெட்ஸ் 32, ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 29. ஆட்டம் முடிய 65 விநாடிதான் பாக்கி. மணி ஏழு அடித்ததும், ஏற்கெனவே அறிவித்தபடி ‘ஹெய்டி’ என்ற சிறுவர் படத்துக்கு மாறிவிட்டார்கள். மிச்சமிருந்த அந்தச் சிறிது நேரத்தில் ரெய்டர்ஸ் ஒன்பது விநாடி இடைவெளியில் இரண்டு முறை புள்ளிகளை அள்ளி, 43–32 என்று ஜெயித்தே விட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் மலைநாட்டுச் சிறுமி ஹெய்டி!

வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்தை முடியும்வரை காட்டுவோம் என்று அதிகாரிகள் கடைசி நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல போன் கிடைக்கவில்லை. படம் நேரத்துக்கு வருமா, ஆட்டத்தை வெட்டிவிடுவீர்களா என்று கேட்டு நேயர்கள் லைன்களை நிரப்பியிருந்தார்கள். அன்று இரவே நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்து, எந்தப் போன் நெரிசலிலும் உத்தரவு போய்ச் சேரும்படி தனி லைன் ஒன்று போட்டார்கள்.

எனக்கு மறக்காத கடிதம் வேறு. கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு நேயர் பட்டியல் அனுப்பியிருந்தார். ஐந்து நாளாக, மதியம் ஏறக்குறைய ஒரே நேரத்தில், உங்கள் சேனல் சில நிமிடம் புள்ளி புள்ளியாகச் சிதறிப் போய்விடுகிறது. முதல் நாள் இரண்டு நிமிடம், மூன்றாம் நாள் ஆறு, ஐந்தாம் நாள் மறுபடி மூன்று. ‘யாரைக் கேட்டாலும் என் டிஷ் கோணல் என்கிறார்கள். கோணல் டிஷ் எப்படித் தினமும் மணி பார்த்துக் கெடும்?’

கேபிளைச் சரிபாருங்கள் என்று எழுதி அனுப்பவிருந்தேன். எங்கள் இன்ஜினியர் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இந்த ஆள் டிவியை வைத்துச் சூரியனை அளந்திருக்கிறார்” என்றார். ஒளிபரப்புச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பகலும் இரவும் சமமாக வரும் நாட்களை ஒட்டி, வருடத்துக்கு இரண்டு தடவை, டிஷ் பார்க்கும் நேர்கோட்டில் செயற்கைக்கோளுக்குப் பின்னால் சூரியன் வந்து நிற்கும். அதன் ரேடியோ இரைச்சலில் எங்கள் சமிக்ஞை அமுங்கிப்போகும். தினம் சில நிமிடம், சில நாட்கள். இன்ஜினியர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த நேரங்களின் அட்டவணையே இருந்தது. நாங்கள் திரையில் போட்ட வரி என்ன தெரியுமா? ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்.’

அந்த வாரம் அரை மணி நேரத்தில் பாதியை அவர் கடிதத்துக்கே கொடுத்தேன். இன்ஜினியர் ஒரு எலுமிச்சம்பழத்தையும் பட்டாணியையும் வைத்து விளக்கினார். அடுத்த தடவை என்றைக்கு, எத்தனை மணிக்கு என்றும் அட்டவணையைப் பார்த்துச் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. ‘ஒரு நிமிடம் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டது. உங்கள் கடிகாரமா, என்னுடையதா?’

எங்களுடையதுதான்.

வணக்கம்.