சுடோகு போட்டால் மறதி வராதா?

அவையோருக்கு வணக்கம்.

மூத்தோர் கூட்டம் எங்கு நடந்தாலும் முதலில் எழும் கேள்வி, தலைப்பில் இருப்பதுதான். சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். அதற்கு மேல் நான் உத்தரவாதம் தர முடியாது.

அமெரிக்காவில் 'ஆக்டிவ்' என்றொரு ஆய்வு. 1998-ல் ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். 65 வயதும் அதற்கு மேலுமான 2,832 பேர். ஒரு பிரிவுக்கு நினைவாற்றல் பயிற்சி, இன்னொன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, மூன்றாவதற்கு வேகப் பயிற்சி, நான்காவதற்கு எதுவும் கிடையாது. ஐந்தாறு வாரங்களில் பத்து வகுப்புகள்.

வேகப் பயிற்சி எப்படித் தெரியுமா? திரையின் நடுவில் ஒரு வண்டி மின்னி மறையும். காரா, லாரியா? அதே நொடியில் ஓரத்தில் இன்னொரு வண்டி வந்து போயிருக்கும். அது எந்தப் பக்கம்? நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல, படம் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். கண் இமைத்தால் போச்சு!

பயிற்சி எதில் கொடுத்தார்களோ அதில்தான் தேறினார்கள். வண்டி பார்த்தவர்களுக்கு மளிகைப் பட்டியல் கூடுதலாக நினைவில் நிற்கவில்லை. பத்தாண்டு கழித்துச் சோதித்தபோது தர்க்கத்திலும் வேகத்திலும் பலன் மிச்சமிருந்தது, நினைவாற்றலில் இல்லை. நாமெல்லாம் ஏங்குவதோ அதற்குத்தான்! இது தெரிந்தும் மூளை விளையாட்டு விற்பவர்கள் சும்மா இருப்பார்களா? விளம்பரத்தில் அளந்துவிட்டதற்காக 'லுமாசிட்டி' நிறுவனம் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

பின்லாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். மியா கிவிபெல்டோ தலைமையில், 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேர். பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுகள். மீதிப் பேருக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். 2015-ல் வெளியான முடிவில், சிந்தனைத்திறன் சோதனைகளில் முதல் பிரிவே முந்தியது.

ஆனால் இரண்டு ஆண்டுகள் விடாமல் செய்வது யார்? நம்மில் பலருக்கு நடைப்பயிற்சி பொங்கலோடு தொடங்கி மாசிக்குள் முடிந்துவிடும்.

இதற்கு விடை தேடியது அமெரிக்காவின் 'பாயின்டர்' ஆய்வு. 2,111 பேர். ஒரு பிரிவினர் இதே போன்ற உணவு, உடற்பயிற்சித் திட்டத்தைத் தங்கள் வசதிப்படி வகுத்துக்கொண்டார்கள். இரண்டாண்டில் ஆறு குழுக் கூட்டங்கள். மற்றவர்களுக்கு என்ன, எத்தனை முறை என்று வரையறுத்த திட்டம், 38 கூட்டங்கள். 2025-ல் வந்த முடிவு: இரு சாராரும் தேறினார்கள், 38 கூட்டக்காரர்கள் சற்றே அதிகமாக. சற்றேதான். ஒரே மாதிரிச் சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதிய பழக்கமும் இரு சாராருக்கும் கைகொடுத்திருக்கலாம்.

ஆகவே டாக்டர் "நடங்க" என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எத்தனை மணிக்கு, யாரோடு, மழை பெய்தால் எங்கே என்பதை அன்றைக்கே முடிவு செய்யுங்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் போன் நம்பரை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். காபி வரப் பத்து நிமிஷம் ஆகும்.