ஏலாது என்றால் ஏலாதுதான்

(சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் வைத்திய அதிகாரி அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, ஆசியுரை தந்த குருக்கள் ஐயா அவர்களே, விடியப்புறம் தொடங்கி அடுப்படியில் நிற்கும் மாதர் சங்கத்தாரே, வணக்கம். போன வருடம் ஒருவரை விளிக்க மறந்துபோனேன். ஆறு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. ஆகவே விடுபட்டவர்களுக்கும் சேர்த்து இன்னொரு வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, நாள்பட்ட களைப்பு நோயும் அதோடு வரும் மனச்சோர்வும் பதகளிப்பும். இது என்ன நோய், மனதை என்ன செய்கிறது, வைத்தியம் என்ன என்று மூன்று விசயம் சொல்லப்போகிறேன். பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பார்ப்போம்.

'தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்' என்று என் ஆச்சி சொல்லுவா. என் பெறாமகளுக்கு வந்தது வெறும் காய்ச்சல்தான். ஒரு கிழமையில் காய்ச்சல் போனது, களைப்பு போகவில்லை. ஆறு மாதமாயிற்று, ஒரு வருடமாயிற்று. கிணற்றடியில் நாலு வாளி அள்ளிக் குளித்தால் அன்றைய பலம் அதோடு சரி. தலை இழுக்கக் கை தூக்க ஏலாது. எத்தனை மணி நேரம் படுத்தாலும் படுக்காதவள் மாதிரியே எழும்புவாள். இரத்தம் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

வீட்டிலே ஆளுக்கொரு வைத்தியம். நாவூறு என்று செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். வீடு முழுக்க இருமியது, அவள் மட்டும் எழும்பவில்லை. கலியாணம் கட்டிவைத்தால் எழும்பிவிடுவாள் என்றார் ஒரு சொந்தக்காரர். அவருக்குக் கலியாணம் கட்டி முப்பது வருடம், இன்னும் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவில்லை!

சிரிக்கிறீர்கள், சரி. நான் செய்ததையும் கேளுங்கள். உடற்பயிற்சி படிப்பித்த ஆள் அல்லவா? ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்து, "நட பிள்ளை, எல்லாம் பறந்துபோகும்" என்றேன். முதல் நாள் சந்தி வரை நடந்தாள். நாலாம் நாள் இந்த வாசிகசாலை வரை வந்தாள். ஊரெல்லாம் பெருமையடித்தேன். ஐந்தாம் நாள் விழுந்தவள், மூன்று கிழமை மின்குமிழ் வெளிச்சத்தைக்கூடத் தாங்க முடியாமல் திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடந்தாள். செம்மண் ஒட்டிய அந்தச் சப்பாத்து இன்னும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. உழைத்த பிறகு, சிலவேளை ஒன்றிரண்டு நாள் கழித்து, உடம்பு இப்படிப் படுத்துவிடுவதுதான் இந்த நோயின் முத்திரை. படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இங்கிலாந்தின் வழிகாட்டலே 2021 இல் கைவிட்டது. எனக்கு அது அப்போது தெரியாது.

பிறகு ஓரிடத்தில் "இது மனவருத்தம்" என்று ஒரே சொல்லில் முடித்து அனுப்பினார்கள். அவள் என்னிடம் சொன்னாள்: "சித்தப்பா, எனக்குப் படிப்பிக்க ஆசை, நல்லூர்த் தேர் பார்க்க ஆசை. ஆசை எல்லாம் இருக்கு, உடம்புதான் ஏலாது." மனச்சோர்வில் பெரும்பாலும் ஆசையே வற்றிவிடும். இவளுக்கு வற்றவில்லை. ஆனால் இரண்டாம் வருடம் உண்மையிலேயே மனமும் சோர்ந்தது. சிநேகிதிகள் வருவது நின்றது. 'பஞ்சி பிடித்தவள்' என்ற சொல் வேலிக்கு மேலால் வந்தது. யாருமே நம்பாத வருத்தத்தோடு கிடந்தால் யாருக்குத்தான் மனம் உடையாது? அதற்கு வைத்தியம் இருக்கிறது, ஒளிக்கத் தேவையில்லை. 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தோடு கதைக்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்ததாலேயே களைப்பு பொய் என்று ஆகிவிடாது.

நம்பாமை புதிதில்லை. 1955 இல் லண்டன் ரோயல் ஃபிரீ வைத்தியசாலை ஊழியர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி விழுந்தார்கள், வைத்தியசாலையையே மூடினார்கள். 1970 இல் இரண்டு மனநல வைத்தியர்கள் பழைய கோவைகளைப் புரட்டிவிட்டு, அது கூட்டுப் பிரமை மாதிரி என்று எழுதினார்கள். நோயாளிகளை நேரில் பார்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனமோ 1969 இலேயே அதை நரம்பு நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே! பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த மண் இது. இந்த நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயரோ வெறும் 'களைப்பு'. யாருக்குத்தான் களைப்பில்லை என்று கேட்க மாட்டார்களா?

பதகளிப்புக்கு வருகிறேன். இந்த நோயாளிகளில் பலருக்கு எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். பார்ப்பவர்கள் பயம் என்பார்கள். இருத்திவிட்டால் பாதி அடங்கிவிடும். இங்கேதான், தவிசாளர் அவர்களே, என் பழைய வழக்கைத் திரும்ப எடுக்கிறேன். ஆமாம், வாங்குதான்! வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுக்கும் வரிசையில் ஒரு வாங்கு இல்லை. பஸ் தரிப்பிடத்தில் கூரை இருக்கிறது, இருக்க இடமில்லை. என் பெறாமகள் மருந்துக்குப் போனால் மருந்து கைக்கு வருமுன்னரே விழுந்துவிடுகிறாள். மூன்று தரம் கடிதம் எழுதினேன். கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. ஆறடிப் பலகை, நாலு கால், இதற்கு உலக வங்கிக் கடன் வேண்டுமா?

தலைவர் மணி அடித்துவிட்டார். மூன்றாவது விசயம் அடுத்த வருடத்துக்கு. வாசலடி மேசையில் ஒரு தாள் இருக்கிறது. கையெழுத்து வைத்துவிட்டு வடைக்குப் போங்கள். தவிசாளர் ஐயா, பேனை என்னிடம் இருக்கிறது.